சுயாதீன சினிமாவைப் பார்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பெரிய நிறுவனங்களின் பிடிக்கு வெளியே எடுக்கப்படும் படங்களைத் தொடர்ந்து பார்த்து வருபவர்களும், அண்மையில் பார்க்கத் தொடங்கியவர்களும் கூடிப் பேசும்போது திரும்பத் திரும்ப எழுகிற கேள்விகள் இவை. விடைகளில் தகவலும் உண்டு, சொந்தக் கருத்தும் உண்டு. கருத்தோடு உடன்படாதவர்கள் தாராளமாக மறுக்கலாம்.

எந்தப் படத்தைச் சுயாதீனப் படம் என்று சொல்லலாம்?

எந்தக் காட்சி இருக்க வேண்டும், எது போக வேண்டும், யார் நடிக்க வேண்டும், எப்படி முடிய வேண்டும் என்பவற்றையெல்லாம் தீர்மானிக்கும் உரிமை படத்தை எடுத்தவர்களிடமே இருந்ததா என்று கேட்டுப் பார்ப்பதே நம்பகமான வழி. 'பைசைக்கிள் தீவ்ஸ்' (1948) படத்துக்கு முதலீடு தேடி விட்டோரியோ தெ சிகா அலைந்தபோது, ஹாலிவுட் தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக், கேரி கிராண்ட் கதாநாயகனாக நடித்தால் பணம் தருவதாகச் சொன்னார். தெ சிகா மறுத்துவிட்டு, ஓர் ஆலைத் தொழிலாளியை நடிக்க வைத்தார். அந்த மறுப்புக்கு அவரிடம் உரிமை இருந்தது என்பதுதான் இங்கே முக்கியம்.

பட்ஜெட்டை வைத்து மட்டும் தீர்மானிப்பவர்களுக்குச் சிக்கல் வரும். 2024-இல் பிரான்ஸின் கான் திரைப்பட விழாவின் முதன்மை விருதான தங்கப் பனையையும் மறு ஆண்டு சிறந்த படத்துக்கான ஆஸ்கர் விருதையும் பெற்ற ஷான் பேக்கரின் 'அனோரா', ஏறத்தாழ 60 லட்சம் டாலரில் எடுக்கப்பட்டது. அது சிறிய தொகையன்று. ஆனாலும் அதைச் சுயாதீனப் படம் என்று சொல்ல யாரும் தயங்குவதில்லை. மறுபக்கம், 1980-இல் வெளியான 'தி எம்பயர் ஸ்டிரைக்ஸ் பேக்' படத்தை ஜார்ஜ் லூகாஸ் தம் சொந்தப் பணத்திலும் வங்கிக் கடனிலும் எடுத்தார். முடிவெடுக்கும் உரிமையும் அவரிடமே இருந்தது. எனவே மேலே சொன்ன அளவுகோலின்படி அதுவும் சுயாதீனப் படமாகிவிடுகிறது. அளவுகோலை நேர்மையாகப் பயன்படுத்தினால் இப்படி ஒரு விநோதத்தையும் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

கலைப்படம், மாற்று சினிமா, சுயாதீனப் படம் மூன்றும் ஒன்றுதானா?

இல்லை. முதலாவது படத்தின் நடையைக் குறிக்கிறது. இரண்டாவது, வழக்கமான படங்களிலிருந்து விலகி நிற்கும் நோக்கத்தை. மூன்றாவது, படம் உருவான முறையை. சுயாதீனமாக எடுக்கப்பட்ட பேய்ப் படங்களும் நகைச்சுவைப் படங்களும் ஏராளம் உண்டு. பெரிய நிறுவனத்தின் பணத்தில் வந்த கலைப்படங்களும் உண்டு.

மிகக் குறைந்த செலவில் எடுக்கப்பட்டது என்பதை ஒரு தகுதியாகக் கொள்ளலாமா?

விளம்பரத்துக்கு அது உதவும், மதிப்பீட்டுக்கு அவ்வளவாக உதவாது. ராபர்ட் ரோட்ரிகஸின் 'எல் மரியாச்சி' (1992) சுமார் 7,000 டாலரில் எடுக்கப்பட்டது என்ற செய்தி, படத்தைவிட அதிகம் பேருக்குத் தெரியும். அந்தத் தொகை படப்பிடிப்புக்கு ஆனது. திரையரங்கில் மக்கள் பார்த்த பிரதிக்காக, உரிமையை வாங்கிய நிறுவனம் 35 மி.மீ. பிரதி எடுக்கவும் ஒலியைச் சீர்செய்யவும் அதைப் போலப் பல மடங்கு செலவிட்டது. இத்தகைய எண்களைக் கேட்கும்போது, ஊதியம் இல்லாமல் உழைத்தவர்கள் எத்தனை பேர், இரவல் வாங்கிய கருவிகள் எவை என்பதையும் சேர்த்துக் கேட்பது நல்லது. சம்பளம் கொடுக்காமல் விட்டதைச் சிக்கனம் என்று பாராட்டும் பழக்கம் சினிமா ரசிகர்களிடம் சற்று அதிகமாகவே இருக்கிறது.

செலவுக் குறைவு கதைக்குள்ளேயே நுழைந்து வேலை செய்திருந்தால் மட்டும் அதைப் பற்றிப் பேசுவதில் பொருள் உண்டு. கெவின் ஸ்மித் தாம் வேலை பார்த்த கடையிலேயே, கடை மூடியிருக்கும் இரவு நேரங்களில் 'கிளெர்க்ஸ்' (1994) படத்தை 27,575 டாலரில் எடுத்தார். கதையோ பகலில் நடக்கிறது. ஷட்டரைத் திறந்தால் வெளியே இருட்டு தெரிந்துவிடும். எனவே யாரோ பூட்டுக்குள் சூயிங் கம்மை அடைத்துவிட்டதால் ஷட்டரைத் திறக்க முடியவில்லை என்று திரைக்கதையில் எழுதிக்கொண்டார். கடை திறந்துதான் இருக்கிறது என்று ஒரு துணியில் பெரிதாக எழுதி வெளியே தொங்கவிட வேண்டிய நிலை கதாநாயகனுக்கு வருகிறது; வேலைக்கு வர வேண்டாத விடுமுறை நாளில் வந்து மாட்டிக்கொண்டவனின் எரிச்சல் முழுவதும் அந்தத் துணியிலேயே வந்துவிடுகிறது. பணமில்லாத குறை அங்கே குறையாகவே தெரிவதில்லை.

இந்தப் படங்களுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?

சேமிப்பு, கடன், நண்பர்கள், அரசு, அறக்கட்டளை, பொதுமக்கள் என்று எல்லாத் திசைகளிலிருந்தும் வருகிறது. பெரும்பாலும் ஒரே படத்துக்கு இவற்றில் மூன்று நான்கு சேர்ந்தே வருகின்றன. அமெரிக்க நடிகரும் இயக்குநருமான ஜான் கசவெட்டிஸ் தம் முதல் படமான 'ஷேடோஸ்' உருவாவதற்கு முன் ஒரு வானொலி நிகழ்ச்சியில் பேசி நேயர்களிடம் பணம் கேட்டார். அவர்களும் சிறுசிறு தொகைகளாக அனுப்பினார்கள். பிற்பாடு பெரிய நிறுவனங்களின் படங்களில் நடித்துக் கிடைத்த ஊதியத்தைத் தம் படங்களில் போட்டார். ஷியாம் பெனகலின் 'மந்தன்' (1976) படத்துக்குக் குஜராத்தின் பால் கூட்டுறவு உறுப்பினர்கள் ஐந்து லட்சம் பேர் தலைக்கு இரண்டு ரூபாய் கொடுத்தார்கள். பத்தாண்டுகள் கழித்து ஜான் ஆபிரகாமின் 'அம்ம அறியான்' (1986) படத்துக்காக ஒடேசா என்ற கூட்டமைப்பு கேரளத்தில் ஊர் ஊராகச் சென்று படங்களைத் திரையிட்டு மக்களிடம் பணம் திரட்டியது. இன்று இணையத்தில் நடக்கும் கூட்டு நிதி திரட்டலைப் புதுமை என்று சொல்பவர்கள் இவற்றை ஒரு முறை நினைத்துக்கொள்ளலாம்.

பணம் துண்டு துண்டாக வருவதன் விளைவு திரையிலும் உண்டு. 'பதேர் பாஞ்சாலி' (1955) படத்துக்காகச் சத்யஜித் ராய் முதலில் படமாக்கத் தொடங்கியது, அக்காவும் தம்பியும் வெண்ணிற நாணற்பூக்களுக்கு நடுவே ஓடும் காட்சியை. ஒரு நாள் எடுத்துவிட்டு அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் மாடுகள் பூவையெல்லாம் மேய்ந்துவிட்டிருந்தன. மீதியை எடுக்க அடுத்த பருவம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இடையே கையிருப்பு தீர்ந்தது, மனைவியின் நகைகள் அடகுக்குப் போயின, கடைசியில் மேற்கு வங்க அரசு பணம் கொடுத்தது. இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் நீண்ட இந்த வேலையில் சிறுவனின் குரல் உடையாமலும், சிறுமி வளர்ந்துவிடாமலும், பாட்டியாக நடித்த முதியவர் உயிரோடும் இருந்தது பெரிய அதிர்ஷ்டம் என்று ராயே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

நிதி தருபவர் மாறும்போது நிபந்தனைகளும் மாறுகின்றன. நெதர்லாந்தின் ரொட்டர்டாம் திரைப்பட விழாவோடு இணைந்த ஹூபர்ட் பால்ஸ் நிதி 1988 முதல் ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா உள்ளிட்ட பகுதிகளின் இயக்குநர்களுக்கு உதவி வருகிறது. இப்படிப்பட்ட உதவியைப் பெறுவதற்காகவே வறுமையையும் துயரத்தையும் வெளிநாட்டுக் கண்ணுக்கு ஏற்றபடி காட்டுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு ரசிகர்களிடையே உலவுகிறது. சில படங்களைப் பொறுத்தவரை அது நியாயமான சந்தேகம்தான். ஆனால் படத்தைப் பார்க்காமல், நிதி தந்தவரின் பெயரை மட்டும் பார்த்து அப்படிச் சொல்வது சோம்பேறித்தனம்.

இவை ஏன் இவ்வளவு மெதுவாக நகர்கின்றன?

எல்லாமே மெதுவானவை அல்ல. ஷான் பேக்கரின் படங்களைப் பார்த்தவர்கள் மூச்சு வாங்கியபடிதான் வெளியே வருவார்கள். மெதுவாகச் செல்பவற்றில் இரண்டு வகை உண்டு. அவற்றைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொண்டால் இந்தக் கேள்வியின் பாதிக் கசப்பு குறைந்துவிடும்.

ஷாண்டால் அகர்மான் 1975-இல் இயக்கிய 'ழான் தீல்மான்' 201 நிமிடம் ஓடுகிறது. கணவரை இழந்த ஒரு பெண்மணியின் மூன்று நாள் வாழ்க்கைதான் படம். அசையாத கேமரா முன் அவர் சமைக்கிறார், துலக்குகிறார், படுக்கையை மடிக்கிறார், விளக்கை அணைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போகிறார். முதல் நாளில் எல்லாம் இம்மியும் பிசகாமல் நடக்கிறது; பார்ப்பவருக்குச் சலிப்பும் வருகிறது. இரண்டாம் நாள் உருளைக்கிழங்கு குழைந்துபோகிறது. பாத்திரத்தைக் கையில் ஏந்திக்கொண்டு, எங்கே வைப்பது, என்ன செய்வது என்று தெரியாமல் அவர் வீட்டுக்குள் அங்குமிங்கும் போகிறார். அவ்வளவுதான் சம்பவம். ஆனால் முந்தைய நாளின் ஒழுங்கை நிமிடக் கணக்கில் நாம் பார்த்திருப்பதால், குழைந்த கிழங்கு ஒரு விபத்தைப் போல நெஞ்சை உலுக்குகிறது. முதல் நாளைச் சுருக்கியிருந்தால் இரண்டாம் நாளுக்கு இந்த வலிமை வந்திருக்காது. பிரிட்டிஷ் இதழான 'சைட் அண்ட் சவுண்ட்' 2022-இல் விமர்சகர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில் இந்தப் படமே முதலிடம் பெற்றது.

மற்றொரு வகையில், பாத்திரம் நடந்து போய்த் திரையை விட்டு நீங்கிய பிறகும் வெற்றுச் சுவரைப் பல நொடிகள் காட்டிக்கொண்டே இருப்பார்கள். அந்த நொடிகளில் நமக்குப் புதிதாக எதுவும் தெரிய வருவதில்லை, பின்னால் வரப்போகும் எதற்கும் அவை தயார்ப்படுத்துவதுமில்லை. அது பொறுமையைச் சோதிப்பது மட்டுமே. 'மெதுவாக இருக்கிறது' என்று சொல்வதற்குப் பதிலாக, எந்த இடத்தில் நேரம் வீணானது என்று குறிப்பிட்டுச் சொன்னால் உரையாடல் தொடரும்.

ஒளிப்பதிவும் ஒலியும் சுமாராக இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டுமா?

படம் கொஞ்சம் இருட்டாகவோ கரகரப்பாகவோ இருந்தால் கண் சில நிமிடங்களில் பழகிவிடும். காது அப்படிப் பழகாது. பேசுவது புரியாவிட்டாலும், ஒரே அறையில் நடக்கும் உரையாடலில் ஷாட்டுக்கு ஷாட் பின்னணி இரைச்சல் மாறினாலும், பார்ப்பவர் கதையிலிருந்து வெளியே விழுந்துவிடுவார். அதனால்தான் அனுபவமுள்ள படக்குழுவினர் ஒரு காட்சி முடிந்ததும் எல்லோரையும் அசையாமல் நிற்கச் சொல்லி, அந்த அறையின் வெறும் அமைதியை அரை நிமிடமாவது பதிவு செய்துகொள்கிறார்கள். படத்தொகுப்பில் வசனங்களுக்கு இடையிலுள்ள ஓட்டைகளை அதைக் கொண்டுதான் அடைக்க முடியும்.

ஷான் பேக்கரின் 'டேஞ்சரின்' (2015) ஐபோன் 5எஸ் கைபேசிகளில் எடுக்கப்பட்டது என்று கேள்விப்பட்டு, கைபேசி இருந்தால் போதும் என்று கிளம்பியவர்கள் நிறைய. அந்தக் கைபேசிகளின் மேல் அகலத்திரைக்கான தனி லென்ஸ் பொருத்தப்பட்டிருந்தது என்பதையும், ஒலி முழுவதும் முறையான கருவிகளில் தனியே பதிவு செய்யப்பட்டது என்பதையும் பலர் கவனிப்பதில்லை. ஆக, சுமாரான படத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். அலட்சியமான ஒலியைப் பொறுத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் எந்தப் பார்வையாளருக்கும் இல்லை.

நடிப்புப் பயிற்சி இல்லாதவர்களை ஏன் நடிக்க வைக்கிறார்கள்?

பணம் ஒரு காரணம். அதைவிட, தான் செய்து பழகிய வேலையை ஒருவர் கேமரா முன்னும் செய்யும்போது கைகளில் வரும் இயல்பை நடித்துக் கொண்டுவருவது கடினம் என்பது முக்கியக் காரணம். ஆனால் நீண்ட வசனத்தை மனப்பாடமாக ஒப்பிக்க வைத்தால் அந்த இயல்பு அடுத்த நொடியே போய்விடும். நல்ல இயக்குநர்கள் அவர்களுக்கு வசனத்தைக் குறைத்து வேலையைக் கூட்டிக் கொடுப்பார்கள். ரசிகர்கள் கவலைப்பட வேண்டிய இன்னொரு பக்கமும் இதற்கு உண்டு. 'பைசைக்கிள் தீவ்ஸ்' படத்தில் நடித்த லம்பெர்தோ மஜ்ஜொரானி படம் முடிந்து ஆலைக்குத் திரும்பினார். சினிமாவில் நிறையச் சம்பாதித்திருப்பார் என்று நினைத்த நிர்வாகம் ஆட்குறைப்பின்போது அவரை நீக்கியது. வேலையில்லாதவனாக நடித்தவர் உண்மையிலேயே வேலையிழந்தார்.

விழாவில் விருது பெற்றிருந்தால் நல்ல படம் என்று நம்பலாமா?

விருது என்பது அந்த ஆண்டு, அந்த விழாவில், ஒரு சிறிய நடுவர் குழு போட்டிக்கு வந்த சில படங்களைப் பார்த்து எடுத்த முடிவு. அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. உண்மையான வடிகட்டல் அதற்கு முன்பே, தேர்வுக் கட்டத்தில் நடந்துவிடுகிறது. பெரிய விழாக்களுக்கு ஆயிரக்கணக்கில் படங்கள் வந்து குவியும்போது, முதல் பத்து நிமிடங்களில் கவனத்தைப் பிடிக்காத படத்துக்கு வாய்ப்பு குறைவு. பல விழாக்கள் வேறெங்கும் திரையிடப்படாத படத்தையே கேட்பதால், எந்த விழாவுக்கு முதலில் அனுப்புவது என்பதே தயாரிப்பாளருக்கு ஒரு சூதாட்டமாகிறது.

அதே சமயம், விழாக்கள் இல்லாமல் இந்த சினிமாவை யோசிக்கவும் முடியாது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 1978-இல் தொடங்கிய ஒரு விழா பின்னர் ராபர்ட் ரெட்ஃபோர்டின் சன்டான்ஸ் நிறுவனத்திடம் வந்து சேர்ந்தது. 1989-இல் அங்கே பார்வையாளர் விருது பெற்ற ஸ்டீவன் சோடர்பெர்க்கின் முதல் முழுநீளப் படம் அதே ஆண்டில் கான் விழாவின் தங்கப் பனையையும் வென்றதும், வெளியீட்டாளர்கள் யூட்டா விழா நடந்த சிறு மலை நகரத்துக்குக் காசோலையோடு வரத் தொடங்கினார்கள். பி. எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' 2021-இல் ரொட்டர்டாமில் டைகர் விருது பெறாமல் இருந்திருந்தால், 75 நிமிடமே ஓடும் அந்தப் படத்தின் பெயர் இத்தனை பேரை எட்டியிருக்குமா என்பது ஐயமே. விருதைப் பார்த்துப் படத்தைத் தேடிப் போகலாம். பார்த்து முடித்த பிறகு விருதை மறந்துவிட்டுப் பேச வேண்டும்.

விழாவில் பேசப்பட்ட படம் பிறகு ஏன் கண்ணிலேயே படுவதில்லை?

மேலே சொன்ன 'கூழாங்கல்' படமே 2023 அக்டோபரில்தான் ஓடிடி தளத்தில் பொதுப் பார்வைக்கு வந்தது. விருதுக்கும் வெளியீட்டுக்கும் இடையே இரண்டரை ஆண்டுக்கு மேல் கடந்துவிட்டது. அதற்குள் படத்தைப் பற்றிய ஆர்வம் பெருமளவு வற்றிவிடும். திரையரங்குகள் காட்சிகளை ஒதுக்கத் தயங்குவது, விளம்பரத்துக்குப் பணம் இல்லாதது, ஓடிடி தளங்கள் நட்சத்திரப் பெயரைக் கேட்பது ஆகியவை எல்லோருக்கும் தெரிந்த காரணங்கள்.

தெரியாத காரணம் உரிமைச் சிக்கல். சார்லஸ் பர்னெட் 1970-களில் பல்கலைக்கழக ஆய்வுப் படமாக, பெரும்பாலும் வார இறுதிகளில் எடுத்த 'கில்லர் ஆஃப் ஷீப்' படத்தில் புகழ்பெற்ற பாடல்களைப் பயன்படுத்தியிருந்தார். மாணவர் படம் என்பதால் அப்போது உரிமம் பற்றி யோசிக்கவில்லை. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 1990-இலேயே அதைப் பாதுகாக்க வேண்டிய படங்களின் பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் இசை உரிமைகளுக்கு ஒன்றரை லட்சம் டாலர் கட்டி, 2007-இல்தான் முறையாகத் திரையரங்குக்குக் கொண்டுவர முடிந்தது. படம் எடுக்க ஆனதோ பத்தாயிரம் டாலருக்கும் குறைவு. பின்னணியில் ஏதோ ஒரு வீட்டு வானொலியில் பாட்டு ஒலிப்பதாகக் காட்சி எழுதும் இளம் இயக்குநர்கள் இந்தக் கணக்கைச் சுவரில் எழுதி வைக்கலாம்.

திருட்டுப் பிரதியில் பார்ப்பது தவறா?

முறையான வழி இருக்கும்போது தவறு. கோடிக்கணக்கில் ஈட்டும் படத்துக்கு ஏற்படும் இழப்பும், சில ஆயிரம் பார்வையாளர்களை நம்பியிருக்கும் படத்துக்கு ஏற்படும் இழப்பும் ஒன்றல்ல. எந்த நாட்டிலும் எந்த வடிவத்திலும் கிடைக்காத பழைய படங்களைப் பொறுத்தவரை ரசிகர்களிடையே ஒத்த கருத்து இல்லை. பல இயக்குநர்களிடமும் இல்லை.

நல்ல கருத்தைச் சொல்லும் படத்தைக் குறைகூறலாமா?

கூறலாம். கருத்தின் நியாயம் காட்சியின் பலவீனத்தை ஈடுகட்டாது. படம் இயக்குவதற்குத் தடையும் சிறைத் தண்டனையும் விதிக்கப்பட்ட ஈரானிய இயக்குநர் ஜாஃபர் பனாஹி தம் வீட்டுக்குள்ளேயே உருவாக்கிய 'திஸ் இஸ் நாட் எ ஃபிலிம்' (2011) படத்தில், எடுக்க முடியாமல் போன ஒரு கதையைத் தரைவிரிப்பின் மேல் ஒட்டுநாடாவால் அறையைப் போல வரைந்து விளக்கத் தொடங்குகிறார். நடுவில் நிறுத்திவிடுகிறார். ஒரு படத்தைச் சொல்லிக் காட்டிவிட முடியுமென்றால் அதை எதற்காக எடுக்க வேண்டும் என்பது அவருடைய தவிப்பு. தணிக்கைக்கு எதிரான நூறு முழக்கங்கள் செய்யாததை அந்த இடம் செய்கிறது. இயக்குநருக்கு நேர்ந்த அநீதிக்காக மட்டும் இந்தப் படத்தைப் பாராட்டுபவர்கள் அவருடைய திறமையைக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள்.

சிரமப்பட்டு எடுத்த படத்தைப் பிடிக்கவில்லை என்று சொல்வது துரோகமாகாதா?

ஆகாது. இரக்கத்தால் தரும் பாராட்டைக் கேட்டு ஏமாந்து போகும் புதிய பார்வையாளர், அடுத்த சுயாதீனப் படத்துக்கு வரவே மாட்டார். கசவெட்டிஸின் 'ஷேடோஸ்' படத்தின் முதல் வடிவம் 1958-இல் திரையிடப்பட்டபோது அதைக் கொண்டாடியவர் விமர்சகர் ஜோனாஸ் மேகாஸ். அவர் நடத்திய 'ஃபிலிம் கல்ச்சர்' இதழ் தன் முதல் சுயாதீனப் பட விருதை அந்தப் படத்துக்கே அளித்தது. கசவெட்டிஸுக்கோ அந்த வடிவத்தில் திருப்தி இல்லை. பெரும்பகுதியைத் திரும்ப எடுத்து 1959-இல் இரண்டாம் வடிவத்தைக் கொண்டுவந்தார். வணிகத்துக்காகச் சமரசம் செய்துகொண்டார் என்று மேகாஸ் வெளிப்படையாகவே எழுதினார். முதல் வடிவம் கேமரா வித்தையில் மயங்கியிருந்தது, இரண்டாவதில்தான் மனிதர்கள் இருக்கிறார்கள் என்ற நிலையில் கசவெட்டிஸ் உறுதியாக நின்றார். நண்பர்களாகக் கைகோத்திருக்க வேண்டிய இருவர் இவ்வளவு காரசாரமாக மோதியதால் சுயாதீன சினிமாவுக்கு எந்தக் கேடும் வந்துவிடவில்லை. இன்றும் அந்தப் படம் பேசப்படுவதற்கு அந்தச் சண்டையும் ஒரு காரணம்.

சொல்லும் விதத்தில்தான் கவனம் வேண்டும். 'போர்', 'மொக்கை' என்பவை எந்தப் படத்துக்கும் பொருந்துவதால் எந்தப் படத்தைப் பற்றியும் எதையும் சொல்வதில்லை. 'மாஸ்டர்பீஸ்' என்ற சொல்லும் அப்படியே. எந்தக் காட்சியில் நம்பிக்கை போயிற்று, எந்தப் பாத்திரம் திடீரென்று எழுத்தாளரின் குரலில் பேசத் தொடங்கியது, எந்த வெட்டு தவறாக விழுந்தது என்று திரையில் இருப்பதைச் சுட்டிக் காட்டினால், எதிர்க் கருத்து கொண்டவரும் அதே காட்சியைத் திரும்பப் பார்த்துவிட்டு விடை சொல்ல முடியும்.

பெரிய நிறுவனத்துக்குப் படம் எடுக்கப் போனவர்கள் விலைபோனவர்களா?

கிறிஸ்டோபர் நோலன் தம் முதல் படமான 'ஃபாலோயிங்' (1998) படத்தை நண்பர்களை வைத்து, ஏறக்குறைய ஓராண்டு வார இறுதி நாட்களில் எடுத்தார். அதற்காக அவர் வாழ்நாள் முழுவதும் வார இறுதிகளிலேயே படம் எடுக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது கொடுமை. போனவர் திரும்பி வருவதும் உண்டு. சோடர்பெர்க் இரு பக்கமும் மாறி மாறி வேலை செய்திருக்கிறார். படத்துக்குப் படம் தனித்தனியாகப் பார்த்துப் பேசினால் இந்தக் கேள்வியே தேவைப்படாது.

புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர் எதிலிருந்து தொடங்கலாம்?

ஏற்கெனவே எந்த வகைப் படத்தை விரும்பிப் பார்க்கிறாரோ, அந்த வகையிலேயே ஒரு சுயாதீனப் படத்திலிருந்து தொடங்கலாம். துப்பறியும் கதை பிடித்தவருக்கு 'ஃபாலோயிங்', அரட்டை நகைச்சுவை பிடித்தவருக்கு 'கிளெர்க்ஸ்', குடும்பக் கதை பிடித்தவருக்கு 'பதேர் பாஞ்சாலி'. எடுத்த எடுப்பில் 201 நிமிடப் படத்தைப் பரிந்துரைத்துவிட்டு, அவர் பாதியில் எழுந்து போனதும் ரசனை போதாது என்று சலித்துக்கொள்ளும் நண்பர்களை நம்ப வேண்டாம்.